குழாய் ஸ்பீக்கரில் ப்ளூஸ்

நம் பள்ளிக்கூடத்துப் பழைய தோழிகள் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: தூக்கம் வரவில்லை, மனசு ஒரு நிலையில் இல்லை, ஏதாவது பாட்டு சொல்லுங்களேன் என்று. உடனே நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு முருகன் பாட்டும் பழைய சினிமாப் பாட்டும் அனுப்பிவைத்தீர்கள். நான் மட்டும் ஒரு ப்ளூஸ் ஆல்பத்தை, அமெரிக்கக் கறுப்பர்களின் சோகப் பாட்டை, அனுப்பினேன். அதற்கு வந்த பதில்களை நான் மறக்கவில்லை. "இந்த ஆளுக்குப் பல் வலியா?" என்று கேட்டவளின் பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். ஆனால், "திருத்தணியில பொறந்தவளுக்கு இந்தப் பாட்டெல்லாம் எங்கிருந்து ஒட்டிக்கிச்சு?" என்று கேட்டவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். நமக்கெல்லாம் இப்போது அவசரமாகப் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லையே.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். நைனா, என் அப்பா, திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். நைனாவின் தம்பியை நான் சின்ன நைனா என்று கூப்பிடுவேன். அவர் எங்கள் வீட்டு முன் அறையில் மைக் செட் கடை வைத்திருந்தார். மைக் செட் என்றால் உங்களுக்குத் தெரியும். காது குத்து, கல்யாணம், கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் போய்க் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். சாவுக்கும்தான். ஒப்பாரி வைக்கும் பெண்களின் நடுவில் மைக்கை வைத்துவிட்டால் அழுகை நான்கு தெரு தாண்டிக் கேட்கும். இழவுக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை, சத்தம் வந்த பக்கம் நடந்தால் போதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற நாளில் நடந்ததற்கெல்லாம் இந்தப் பழக்கம்தான் காரணம்.

சின்ன நைனாவுக்கு ப்ளூஸ் கிடைத்தது பெரம்பூரில். அங்கே ரயில்வே குடியிருப்பில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்கப் போன சின்ன நைனா, கூடவே ஒரு தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டி நிறைய எல்.பி. ரெக்கார்டுகள். திறந்ததும் பாச்சை உருண்டையும் சிகரெட்டும் கலந்த வாசனை வரும். இன்றைக்கும் யாராவது பழைய பட்டுப்புடவையை எடுத்து உதறினால் எனக்கு ஒரு கிடார் சத்தம் கேட்கிறது.

அந்த டிரைவர் ரெக்கார்டுகளைச் சும்மா கொடுத்துவிடவில்லை. எதை எப்போது கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இது மழைக்கு, இது சனிக்கிழமை சாயங்காலத்துக்கு, இதைச் சாப்பிட்டதும் கேட்காதே என்று. சித்த வைத்தியர் சூரணம் கொடுத்த மாதிரிதான். சின்ன நைனா அந்தப் பத்தியத்தை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அட்டையில் இருந்த பெயர்களை எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கால் உடைந்த நாற்காலியில் கிடாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கறுப்பு ஆள் 'நாற்காலிக்காரர்'. அவர் ஒரு வரி பாடுவார், கிடார் ஒரு வரி பதில் சொல்லும், இடையில் சில பெண்கள் 'ம்ம்' என்று முனகுவார்கள். மவுத் ஆர்கனில் ரயிலை ஓட்டிக் காட்டிய இன்னொருவருடையது 'ரயில் தட்டு'. தோள் வரை தலைமுடி வளர்த்த நான்கு வெள்ளைக்காரப் பையன்கள் 'சடைக்காரர்கள்'. அவர்கள் நாற்காலிக்காரரின் பாட்டையே எடுத்து, டிரம்மை வைத்து, கிடாருக்கு மின்சாரம் கொடுத்து, ஊரைக் கிளப்புவார்கள். அதற்கு ப்ளூஸ் ராக் என்று பெயராம். அந்த ரெக்கார்டு நடுவில் தாவும். முள் இருக்கும் கையின் மேல் ஒரு நாலணாக் காசை வைத்தால் ஒழுங்காக ஓடும்.

சின்ன நைனா இதையெல்லாம் தனக்குள் வைத்துக்கொண்டு கேட்கிற ஆள் இல்லை. கடைக்கு யார் வந்தாலும் சிபாரிசு செய்வார். கல்யாணத்துக்கு மைக் செட் சொல்ல வந்த பெண்ணின் தகப்பனாரிடம், "மாப்ள அழைப்புக்கு சடைக்காரங்கள போடலாங்க. நடை சோக்கா இருக்கும்" என்பார். வந்தவர் அடுத்த தெரு மைக் செட்டைத் தேடிப் போய்விடுவார். நைனாவுக்கு இதில் பெரிய ஆத்திரம். "நான் பஸ்ல தொண்ட கிழிய கத்திட்டு வூட்டுக்கு வந்தா, இங்க ஒருத்தன் தொண்ட கிழிய கத்திகினு கீறான்" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். தம்பி உருப்படமாட்டான் என்பது அவருடைய முடிவு. தெருவின் முடிவும் அதுதான். அம்மா மட்டும் அரிசியில் கல் பொறுக்கும்போது, "தம்பி, அந்த ரயிலு ஓட்டறவர வெய்யி" என்பாள், கொஞ்சம் மெதுவாக.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நைனா கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி ரத்தமாக வாந்தி எடுத்தார். நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்டு வயிறு புண்ணாகிப்போயிருந்தது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுத்துத்தான் ஆக வேண்டும், பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கூட இருந்தார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து அவர் அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"யக்கா, நல்ல சேதின்னா நானே சாயங்கால வண்டில வந்து சொல்றேன். வேற மாதிரின்னா... தந்தி வரும்."

அம்மா "ஆங்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் அம்மா மலைக்குப் புறப்பட்டாள். சாயங்காலம் வரை மலையை விட்டு இறங்குவதில்லை என்று முருகனிடம் வேண்டுதல். பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. என்னைச் சின்ன நைனாவிடம் விட்டுவிட்டுப் போனாள். தந்தி வந்தால் முதலில் அவர் கையில்தான் கிடைக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

கிருத்திகைக்குக் காவடிக்காரர்கள் தங்கும் பந்தலுக்குச் சின்ன நைனா மைக் செட் ஒப்புக்கொண்டிருந்தார். இரைந்துகொண்டிருந்த ஒரு குழாயைப் பிரித்து ரிப்பேர் செய்து, சோதித்துப் பார்ப்பதற்காக மாடியில் கட்டினார். மலையைப் பார்த்து, தெருவின் தலைக்கு மேல். பக்திப் பாட்டு ரெக்கார்டுகள் எல்லாம் முதல் நாளே பந்தலுக்குப் போய்விட்டிருந்தன. வீட்டில் மிச்சம் இருந்தது தகரப் பெட்டி மட்டும்தான். ஆம்ப்ளிஃபயரின் வால்வுகள் சூடேறிச் சிவந்ததும் அவர் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"நாற்காலிக்காரர வெய்யி பாப்பா! முள்ள மெதுவா எறக்கு!"

நான் வைத்தேன். நாற்காலிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அவர் குரல் எங்கள் தெருவில், வெயிலில், அவ்வளவு பெரிதாகக் கேட்டதே இல்லை. ஒரு வரி அழுதார். கிடார் கூட அழுதது. பெண்கள் முனகினார்கள்.

இரண்டாவது வரி முடிவதற்குள் எதிர்வீட்டு அத்தை தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு தெருவைக் குறுக்கே தாண்டி ஓடி வந்தாள். அத்தை என்றால் முறைக்கு அத்தைதான். நைனாவை அண்ணன் என்பாள், தண்ணீர்க் குழாயடியில் எங்கள் அம்மாவோடு வாரம் ஒரு முறை சண்டை போடுவாள். வந்தவள் எங்கள் வாசலில் தொப்பென்று உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

"கை காட்டுன எடத்துல வண்டிய நிறுத்துவியே எங்கண்ணா! எங்கள உட்டுட்டு நீ எந்த வண்டி ஏறுன எங்கண்ணா!"

நம்புங்கள், அவள் நாற்காலிக்காரருக்குத் தாளம் தப்பவில்லை. அவர் ஒரு வரி பாடி நிறுத்தியதும் இவள் ஒரு வரி பாடினாள். கிடாருக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விட்டது.

அவள் பின்னாலேயே தெரு வந்தது. கண்டக்டர் வீட்டில் மைக் செட் கட்டி ஒப்பாரி ஓடுகிறது, கண்டக்டருக்கு இன்று ஆபரேஷன். வேறென்ன நினைப்பார்கள்? வீட்டுக்கு வீடு அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தார்கள். இழவு விழுந்த தெருவில் பிணம் எடுக்கும் வரை உலை கொதிக்கக் கூடாது. யாரோ உடலைக் கிடத்துவதற்காக எதிர்வீட்டு பெஞ்சைத் தூக்கி வந்து எங்கள் வாசலில் போட்டார்கள். யாரோ மாலைக்கு ஆள் அனுப்பினார்கள்.

பெட்டியில் சுற்றுவது ரெக்கார்டு என்று எனக்குத் தெரியும். முள்ளை வைத்ததே நான்தான். ஆனாலும் பெரியவர்கள் இத்தனை பேர் அழுகிறார்களே, இவர்களுக்கு ஏதோ சேதி வந்திருக்கிறது, அதுதான் அழுகிறார்கள் என்று நினைத்தேன். ஆணியில் தொங்கிய நைனாவின் காக்கிச் சட்டையை இழுத்து முகத்தோடு அழுத்திக்கொண்டேன். அதில் டீசலும் வியர்வையும் மணத்தன. இனிமேல் இந்த வாசனை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று தோன்றியது. அந்த நிமிஷத்தின் பயம் போல ஒன்றை நான் பிறகு பட்டதில்லை.

மாடியில் குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்ததால் சின்ன நைனாவுக்குக் கீழே நடந்தது எதுவும் கேட்கவில்லை. ஏணியில் இறங்கி வந்து பார்க்கிறார், வாசலில் பெஞ்சு, தலைவிரி கோலமாகப் பெண்கள், "எங்கண்ணா எங்கண்ணா" என்று அத்தை. தான் மாடியில் இருக்கும்போது தந்தி வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். வாசலிலேயே குப்புற விழுந்தார். "அண்ணா, அண்ணா" என்று தரையில் முட்டிக்கொண்டார். சொந்தத் தம்பியே இப்படி அழுகிறான் என்றால் அப்புறம் சந்தேகம் ஏது? தெரு இன்னும் பெரிதாக அழுதது.

இவர்கள் அவரைப் பார்த்து நம்பினார்கள், அவர் இவர்களைப் பார்த்து நம்பினார், நான் எல்லோரையும் பார்த்து நம்பினேன். நாற்காலிக்காரர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்.

"யார்னா அந்தப் பாட்ட நிறுத்துங்களேன்" என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் போய் முள்ளைத் தூக்கினேன். தெரு திடீரென்று காலியானது போல் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தந்திக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் அவர் தெருவுக்குள் நுழைந்தாலே நாலு வீட்டுக் கதவு சாத்தும். அன்றைக்கு ஏற்கெனவே நடந்துவிட்டதே என்று யாரும் அவருக்குப் பயப்படவில்லை.

"யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

"கண்டக்டரு" என்றாள் அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு.

"அட முருகா. எப்போ?"

"இப்பத்தான் தந்தி வந்துச்சி."

தந்திக்காரர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். "யம்மா, தந்தி வந்தா நான்தானே கொண்டாரணும்? இன்னிக்கி இந்தத் தெருவுக்கு ஒண்ணும் வர்ல. சத்தம் கேட்டு நானே துக்கம் கேக்கத்தான் வந்தேன்."

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். பிறகு மொத்தத் தெருவும் சின்ன நைனாவின் பக்கம் திரும்பியது.

"அங்க கூடப்பொறந்தவன அறுத்துகினு கீறாங்க. நீ இங்க சாவுப் பாட்டு போட்டு வெளாடறியா? நீயெல்லாம் மனுசனா?"

அவர் நெற்றியில் மண்ணோடு உட்கார்ந்திருந்தார். இப்போது நினைக்கும்போதுதான் எனக்கு உறைக்கிறது. அன்றைக்கு அந்தத் தெருவிலேயே அதிகம் பயந்திருந்தவர் அவர்தான். பயந்த மனுஷன் பெட்டியில் கைவிட்டால் எந்த ரெக்கார்டு வரும்? டிரைவர் சொல்லிக் கொடுத்த பத்தியப்படிதான் எடுத்திருக்கிறார். அதுவரை அழ முடியாதவன் தனக்காக வேறொருவரை அழச் சொன்னான். இதைப் போய் விளையாட்டு என்றார்கள்.

இந்தத் திட்டு நடக்கும்போதே அம்மா வந்துவிட்டாள். செருப்பு இல்லை, மூச்சு வாங்குகிறது, கையில் திருநீற்றுப் பொட்டலம் கசங்கிக் கிடக்கிறது. வேண்டுதலைப் பாதியில் விட்டுவிட்டுப் படியெல்லாம் ஓடி வந்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும் அத்தை அவசரமாக முடியை அள்ளி முடிந்துகொண்டாள். பெஞ்சை நாலு பேர் உடம்பால் மறைத்தார்கள்.

"பாட்டு ஏன் நின்னுபோச்சி?" என்றாள் அம்மா.

யாருக்கும் புரியவில்லை.

"மேல படிங்கிட்ட ஒக்காந்து கேட்டுகினே இருந்தேன். தம்பி பாட்டு போட்டுகினு கீறார், அப்போ தந்தி வர்லன்னு தைரியமா இருந்தேன். திடீர்னு நின்னுபோச்சி. தந்தி வந்துட்ச்சா? சொல்லுங்க. வந்துட்ச்சா?"

தெரு முழுக்க எந்தப் பாட்டைக் கேட்டு அவர் செத்துப்போனார் என்று முடிவு செய்ததோ, அதைக் கேட்டுத்தான் அம்மா அவர் உயிரோடு இருக்கிறார் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

"வர்ல அண்ணி" என்றார் சின்ன நைனா. "சத்தியமா ஒண்ணும் வர்ல."

அம்மா மறைத்து நின்றவர்களை விலக்கிக்கொண்டு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். அது எதற்காகப் போட்ட பெஞ்சு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "அப்போ போடு தம்பி. வண்டி வர வரிக்கும் நிறுத்தாத" என்றாள்.

தந்திக்காரர் சைக்கிளை எடுத்தார். "நான் திரும்பி இந்தப் பக்கம் வர்லன்னா நல்ல சேதின்னு வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சின்ன நைனா ரெக்கார்டு தேர்ந்தெடுத்ததைப் போல ஒரு சிபாரிசை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு தெருவே அவர் கையில் இருந்தது. முதலில் ரயில் தட்டு. மவுத் ஆர்கன் கிளம்பியதும் அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு யாரோ ஒரு பெண்மணி, கனத்த குரல், புருஷனைத் திட்டுகிற மாதிரி பாடுவாள். அதைக் கேட்டு அத்தை, "இவ நம்ம ஆளு" என்றாள். வெயில் இறங்கி எல்லோருக்கும் கண் சொருகும்போது சடைக்காரர்கள், நாலணாக் காசோடு. மாலை வாங்கப் போனவன் திரும்பி வந்து, மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினான். முருகன் படத்துக்குப் போடச் சொன்னார்கள். வீட்டுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை, யாரும் போகவும் இல்லை. அணைத்த அடுப்பையும் யாரும் பற்றவைக்கவில்லை. மாமா வண்டியில் வந்து சேதி சொல்லட்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

"அந்த மொத ஆளையே இன்னோரு வாட்டி வெய்யேன்" என்று அத்தை கேட்டபோது சின்ன நைனா மறுத்துவிட்டார். "இப்ப வேணாம். அது கடசிக்கி" என்றார். எதற்குக் கடைசி என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

சாயங்கால வண்டி வந்தது. சத்தம் வந்த பக்கம் மாமா நடந்து வந்தார். தெருமுனையில் திரும்பியவர் எங்கள் வாசலில் கூட்டத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், முருகன் படத்துக்குப் போட்டிருந்த பெரிய மாலையைப் பார்த்தார். கையிலிருந்த பை கீழே விழுந்தது. "ஐயோ! இங்க யாருக்கு இன்னா ஆச்சி?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நீ சொல்லுடா மொதல்ல!" என்று தெருவே கத்தியது.

"யக்கா, மாமா நல்லா கீறாரு! கண்ணு தொறந்தாச்சி! தண்ணி கேட்டாரு, குடுக்கக் கூடாதுன்ட்டாங்க, நர்சம்மாவ திட்னாரு!"

அத்தை அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "இத்த தெருமுனையிலயே சொல்றதுக்கு இன்னாடா ஒனக்கு?" என்று சொல்லிவிட்டு அவளே அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை. எழுந்து, நேரே உள்ளே போய், ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து கடகடவென்று குடித்தாள். அந்தச் சத்தம் எனக்கு எந்தப் பாட்டையும் விட நன்றாக இருந்தது. எனக்குப் பசிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சின்ன நைனா ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சை அணைத்துவிட்டு, சூடு ஆறாத பெட்டியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

கிருத்திகையெல்லாம் முடிந்து நைனா வீடு வந்தார். பாதி ஆளாக வந்திருந்தார். வயிற்றில் தையல், வாயில் கஞ்சி. நடந்ததை மாமா விலாவாரியாகச் சொல்லியிருந்தார். தம்பியைத் திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் எதிர்வீட்டு அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எனக்கு நீ இன்னாமோ பாடுனியாமே. இன்னா பாடுன?"

"சீ! உசுரோட கீறவனுக்கு எவளாச்சும் பாடுவாளா? வாய கழுவு" என்றாள் அத்தை.

"தெரு முழுக்க கேட்டுட்ச்சி. எனக்குப் பாடுனத நான் மட்டும் கேக்கல. இது இன்னா நாயம்?"

அத்தை அம்மாவைப் பார்த்தாள். "கேட்டுட்டுத்தான் போவட்டுமே" என்று அம்மா சிரித்தாள். சின்ன நைனா யாரும் சொல்லாமலே எழுந்துபோய் நாற்காலிக்காரரை வைத்தார். குழாய் இல்லாமல், வீட்டுக்குள் மட்டும் கேட்கிற மாதிரி. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு வரி போனது. அடுத்த வரியின் இடைவெளியில் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸை நிறுத்துகிற வரி வந்தபோது நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காத, தையலு பிரிஞ்சிடும்" என்றார். அத்தை நிறுத்தவில்லை.

"புள்ளத்தாச்சி ஏறுனா எழுந்து நின்னு எடம் குடுப்பியே எங்கண்ணா! ஒனக்கு எடம் புடிக்க அங்க யாரு முன்ன போனாங்க எங்கண்ணா!"

நைனாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் எடம் குடுத்ததயெல்லாம் பாத்துகினா இருந்த நீ?" என்றார்.

அத்தை அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.